செட்டிநாட்டிலிருந்து பெங்களூருக்கு, ஒரு குதிரையோடு

காரைக்குடியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 430 கிலோமீட்டர். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு காரில் கிளம்பினால் மாலைக் காபிக்கு அங்கே இருக்கலாம். லாரியில் ஒரு குதிரை நின்றுகொண்டே வரும்போது அந்தக் கணக்கு செல்லாது. வெயில் தாழ்ந்துதான் கிளம்ப வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்த வேண்டும், வேகத்தடை வந்தால் நடை வேகம்தான். நாங்கள் போவது ஈவென்டிங் என்ற குதிரையேற்றப் போட்டிக்கு. அதில் மூன்று சோதனை என்பார்கள். செட்டிநாட்டிலிருந்து போகிற எங்களுக்குச் சாலைதான் முதல் சோதனை. அதில் குதிரை நல்லபடியாகத் தேறினால்தான் மற்ற மூன்றைப் பற்றிப் பேச முடியும்.

தெரியாதவர்களுக்காக அந்த மூன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆளும் குதிரையும் மாறக் கூடாது. முதலில் டிரெஸ்ஸாஜ்: மணல் களத்தில், முன்கூட்டியே கொடுத்துவிட்ட வரிசைப்படி நடக்கவும் ஓடவும் வேண்டும், குதிரை எவ்வளவு இணக்கமாக வருகிறது என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அடுத்தது கிராஸ் கன்ட்ரி: திறந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், மேடு, தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டிக் குறித்த நேரத்துக்குள் வர வேண்டும். கடைசியில் ஷோ ஜம்பிங், தட்டினால் விழுகிற கம்புகள். எல்லாமே தண்டப் புள்ளிக் கணக்கு, குறைவாக வாங்கியவருக்குத்தான் வெற்றி. கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒரு தடையில் மறுத்து நின்றால் 20, அதே தடையில் மறுபடியும் நின்றால் இன்னும் 40. நேரம் தாண்டினால் நொடிக்கு 0.4. ஷோ ஜம்பிங்கில் கம்பு விழுந்தால் 4. உலகின் உச்சமான ஐந்து நட்சத்திரப் போட்டியில்கூட கிராஸ் கன்ட்ரி கட்டையின் உயரம் 1.20 மீட்டர்தான். ஆனால் அந்தக் கட்டை விழாது. குதிரை தப்பாகக் குதித்தால் விழப்போவது குதிரையும் நாமும்தான்.

எங்கள் குதிரை செவலை. நிறத்தைப் பார்த்து லாயத்து அண்ணன் கூப்பிட்டதே பெயராக நின்றுவிட்டது. ரேஸ் ஓடி ஓய்வு பெற்ற, தரோபிரெட் என்ற பந்தய இனத்துப் பெண் குதிரை. ஓடச் சொன்னால் ஓடும். நிற்கவும் வளையவும் நிதானமாக ஒரு கட்டையைப் பார்த்துக் குதிக்கவும் கற்றுக்கொடுப்பதுதான் நீண்ட வேலை. கானாடுகாத்தான் பக்கம் மண் செம்புறாங்கல் மண். கோடையில் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும், அதில் வேகமாக ஓடவிட்டால் கால் தசைநாண்கள் வீங்கும். அதனால் எங்கள் பயிற்சி முழுக்கக் கண்மாயை ஒட்டித்தான். மழை முடிந்து ஈரம் இருக்கும் மாதங்களில் உள்வாயில் ஓட்டம், கண்மாய்க் கரையின் சரிவில் ஏற்ற இறக்கம். காற்றில் சாய்ந்த பனைகள்தான் தாண்டுகட்டை. வரத்துக் கால்வாய்கள் பள்ளம். ஊருணிப் பக்கம் குதிரையைக் கொண்டுபோக மாட்டோம், அது ஊர் குடிக்கிற தண்ணீர். கண்மாயின் ஓரத்துத் தண்ணீரில் தினமும் இறக்கி நடத்துவோம். இதற்கெல்லாம் பெரிய களம் கட்டியவர்கள் செலவழிக்கிற பணத்தை நினைத்தால், நம் ஊர் நிலம் நமக்குச் செய்திருப்பது பெரிய உதவி.

கிளம்புவதற்கு முன்னால் காகித வேலை. குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் குதிரையின் படம் வரைந்திருக்கும். நெற்றியில் வெள்ளை எங்கே, காலில் எந்த அளவு என்று கால்நடை மருத்துவர் குறிப்பார். முடிச் சுழிகள் எங்கெங்கே என்றும் பெருக்கல் குறி போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குதிரையைச் சுழி பார்த்துத்தான் வாங்குவார்கள். மருத்துவர் செவலையின் பிடரியைத் தள்ளிச் சுழி தேடியபோது பக்கத்தில் நின்ற பெரியவர் அவருக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினார். பலன் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு குதிரைகளுக்குச் சுழி ஒரே மாதிரி இருக்காது என்பதால் அடையாளத்துக்கு இதைவிட நல்ல வழியும் குறைவு. அப்புறம் கிளான்டர்ஸ் இல்லை என்று காட்ட ரத்தப் பரிசோதனை. அது மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய், உறுதியானால் குதிரையைக் கொன்றுவிட வேண்டியதுதான். இதைச் சோதிக்கிற, குதிரைகளுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் ஹரியானாவில், ஹிசாரில் இருக்கிறது. அறிக்கை கைக்கு வரும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்காது.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணங்களில் நான் கற்றதில் பெரியது அதுதான். ஒரு குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் அதற்கும் மேல். ஊர் மாறினால் தண்ணீரின் ருசி மாறும். மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு அப்படியே திரும்பிக்கொள்ளும். குடிக்காத குதிரைக்குக் குடல் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி அதன் உயிருக்கே வரும் ஆபத்து. இதற்கு வழி சொன்னது எங்கள் அப்பத்தா. “ஊர்த் தண்ணி ஒத்துக்கலைன்னா கருப்பட்டி போட்டுக் குடு. அதுக்கு ருசிதானே கணக்கு?” என்றார். கிளம்புவதற்குப் பல நாள் முன்பே வாளியில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்துப் பழக்கிவிடுகிறோம். போன இடத்தில் எந்தத் தண்ணீரில் கரைத்தாலும் செவலைக்கு அது வீட்டுத் தண்ணீர். தீவனமும் இங்கிருந்துதான் போகிறது: ஊறவைத்து அவிக்கக் கொள்ளு, பார்லி, கட்டுக் கட்டாகக் காய்ந்த புல். தீவனத்தைத் திடீரென்று மாற்றுவதும் வயிற்றுக்கு ஆகாது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் சொல்லியிருக்கிறார். சோறும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்களாம். வாளியைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் போகும் பல காலைகளில் இது என் நினைவுக்கு வரும். நம் வெயிலில் குதிரை வாழும். அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாரி ஓட்டுகிற அண்ணன் சிவகங்கைப் பக்கம் பந்தயங்களுக்கு மாடும் குதிரையும் ஏற்றிப் பழகியவர். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று எல்லா ரகத்தையும் ஏற்றியிருக்கிறார். “மாடு களைச்சா படுத்துக்கும் ஆச்சி. இது ராத்திரி முச்சூடும் நின்னுக்கிட்டே வரும். பிரேக்கு போடுறப்பல்லாம் கால ஊன்றி நிக்கணும். நம்ம ஓட்டுறது வண்டி இல்ல, அதோட காலு,” என்றார். இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தளத்தில் ரப்பர் விரிப்பு, அதன் மேல் தென்னை நார்த்தூள். வைக்கோலைவிடத் தூசி குறைவு. தலைக் கயிற்றை ரொம்பக் குட்டையாகக் கட்டுவதில்லை. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வரும். மணிக்கணக்கில் தலையைத் தூக்கியே வைத்திருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலாகிவிடும்.

மாலையில் கிளம்பித் திருமயம் கோட்டையைத் தாண்டியதும், நமணசமுத்திரத்தில் அண்ணன் வண்டியைத் திருப்பினார். இளங்குடிப்பட்டி அய்யனாரைக் கும்பிடாமல் நெடும்பயணம் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. கோயிலுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன, நூற்றுக்கணக்கில். புரவி எடுப்புத் திருவிழாவில் ஊர் ஊராக நேர்ந்து வைத்தவை. புதியவற்றில் வண்ணம் இருக்கிறது. பழையவை காது உடைந்து, பாசி படிந்து, செடிகளுக்குள் பாதி மறைந்து கிடக்கின்றன. மண்ணில் வேலை செய்கிற வேளார்கள் செய்த அந்தக் குதிரைகளின் கழுத்தில் மணி, சலங்கை, சேணம் எல்லாம் மண்ணிலேயே உண்டு. கடிவாளத்தின் வாய்ப்பட்டை எங்கே உட்கார வேண்டுமோ அங்கே சரியாக இருக்கிறது. குதிரையைக் கிட்டத்தில் பார்த்த கைகள். செவலையை லாரியில் வைத்தே தலைக் கயிற்றைத் தளர்த்திவிட்டோம். காதை முன்னால் நீட்டி அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணன் தேங்காய் உடைத்துத் திருநீற்றை அதன் நெற்றி வெள்ளையிலும் ஒரு கோடு பூசினார்.

காவிரியைத் தாண்டி முதல் நிறுத்தம், சேலத்துக்கு வெளியே இரண்டாவது. இரண்டிலும் இதே வேலைதான்: எஞ்சினை அணை, கயிற்றைத் தளர்த்து, வாளியைக் காட்டு, சாணி போட்டிருக்கிறதா பார். லாயத்து அண்ணன் விலாவில் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்பார், இரண்டு பக்கமும். சத்தம் இருந்தால் நிம்மதி. தொப்பூர் கணவாயில் போகும்போது ஏற்றம் என்பதால் பயமில்லை. லாரி முக்கி முனகி ஏறியது. பொழுது விடியும்போது ஓசூரில் குளிர் காற்று. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எங்கள் வெயிலில் பழகிய குதிரைக்கு அந்தக் காற்று பெரிய கொடை.

லாயம் கிடைத்ததும் முதலில் தெர்மாமீட்டர். குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி வரை இயல்பு. செவலை கருப்பட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. அன்று முழுக்கச் சேணம் வைக்கவில்லை, கையில் பிடித்துப் புல் மேயவிட்டோம். ஒரு ராத்திரி முழுக்க நின்று சமாளித்த உடம்புக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்தே ஆக வேண்டும். முதல் நாள் இரவு வந்து மறுநாள் காலை களத்தில் இறங்கும் குதிரைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

பக்கத்து லாயங்களில் பாதிப் பேர் ராணுவத்துக்காரர்கள். இந்த விளையாட்டே குதிரைப்படைக்காக உருவானதுதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதலில் வந்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது. பெண்களுக்கு வழி திறந்தது 1964 டோக்கியோவில். இப்போது ஆண், பெண் என்று பிரிவே கிடையாது, ஒரே களம், ஒரே பட்டியல். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங், ஷாஜாதா என்ற குதிரையோடு தனிநபர் தங்கம் வாங்கினார், அணித் தங்கமும் நமக்கே. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூர்க்காரரான ஃபவாத் மிர்சா வெள்ளி வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போய் 23-ஆவது இடம். அவர் ஊரில் வந்து குதிரை இறக்குகிறோம் என்பதே எனக்கு ஒரு தெம்பு.

டிரெஸ்ஸாஜில் நடுவாந்தரமான மதிப்பெண். சரி, அது எதிர்பார்த்ததுதான். எனக்காகவும் செவலைக்காகவும் நான் காத்திருந்தது அடுத்த நாள்.

கிராஸ் கன்ட்ரி பாதையை முந்தின நாளே நடந்து பார்த்துவிடுவோம். நமக்குத்தான் அந்தச் சலுகை, குதிரை எல்லாத் தடையையும் முதன்முறையாக ஓட்டத்தில்தான் பார்க்கும். நடுவில் தண்ணீர்த் தடை. ஒரு கட்டையைத் தாண்டி இறங்கினால் தண்ணீர், மேலேறினால் இன்னொரு கட்டை. விதிப்படி ஆழம் 35 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குதிரைக்கு அது எப்படித் தெரியும்? அதன் கண்ணுக்கு அடி தெரியாத ஒரு பளபளப்பு. எங்களுக்கு முன்னால் போன குதிரைகள் சில அங்கேதான் காலை ஊன்றி நின்றன. செவலை ஐந்தாறு பாய்ச்சல் தூரத்தில் காதை முன்னால் திருப்பியது. நான் காலை அணைத்துக் கையை மட்டும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தேன். கட்டையைத் தாண்டி நேராக உள்ளே. முகத்தில் அறைந்த தண்ணீரில் கண்ணைத் திறக்கும்போது அது அடுத்த கட்டைக்குத் தயாராக நிமிர்ந்திருந்தது. கண்மாய் ஓரத்தில் கொக்குகளுக்கு நடுவே தினமும் இறங்கிய குதிரைக்குத் தண்ணீர் என்றால் பயமே இல்லை. மறுப்பு எதுவும் இல்லாமல் முடித்தோம், நேரத்தில் மட்டும் சில நொடிகள் கூட.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சேணத்தைக் கழற்றித் தண்ணீர் ஊற்றத் தொடங்கினோம். சூடான தசையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் இன்னும் பலருக்கு உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் வெயில் பற்றி நடந்த ஆய்வுகளே அதைத் தவறென்று காட்டிவிட்டன. நிறுத்தாமல் உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும், சூட்டை எடுப்பது அதுதான். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம், அதனால் தீவனத்தில் உப்பும் சேர்த்தோம். மறுநாள் காலை மருத்துவர் முன்னால் ஓடிக்காட்ட வேண்டும். நொண்டல் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். செவலை தலையை ஆட்டிக்கொண்டு நேராக ஓடியது. ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பு விழுந்தது. மொத்தப் பட்டியலில் நடுவுக்குச் சற்று மேலே வந்தோம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

திரும்பும்போது தொப்பூரைப் பகலில்தான் கடந்தோம். இறக்கம் முழுக்கக் குதிரையின் எடை முன்கால்களில் விழும், இருட்டில் பின்னால் வரும் லாரிகளையும் நம்ப முடியாது. வீடு வந்த பிறகும் மூன்று நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தோம், பயணக் காய்ச்சல் சில சமயம் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிற தம்பிகள் சிலர் லாயத்துக்கு வந்து அந்தத் தண்ணீர்த் தடை வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கை பழகியவர்கள், குதிரையின் மூச்சை வைத்தே அதன் மனத்தைச் சொல்லக்கூடியவர்கள். இவர்களுக்கு ஒரு களமும் ஒரு சேணமும் கிடைத்தால் தென்மாவட்டங்களிலிருந்து ஒரு குதிரை மட்டும் பெங்களூர் போகிற நிலை மாறும். தை அறுப்பு முடிந்ததும் எங்கள் தரிசில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனங்கட்டைகளைப் போட்டு ஒரு சின்னப் பாதை அமைக்கப்போகிறோம். கண்மாய் ஓரத்தைப் பயன்படுத்த ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். கட்டைகளைப் புதைக்கிற வேலைக்குத் தாங்களே வருவதாக அந்தத் தம்பிகள் சொல்லியிருக்கிறார்கள்.