பழைய ஆக்சஸ் கோப்பைப் புதிய ஆக்சஸில் திறக்கும் கேள்வி: தேறியவன் சொல்வது

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். மொத்த மதிப்பெண்ணைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் செய்முறைத் தேர்வில் பலரைக் கவிழ்த்த அந்தப் பழைய டேட்டாபேஸ் கேள்வியில் எனக்கு முழு மதிப்பெண்: மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸின் பழைய கோப்பு ஒன்றைப் புதிய ஆக்சஸில் ஓடவைக்க வேண்டும். எழுத்துத் தாளுக்குக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன, அதை விடுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் உருப்படியாக எதுவும் எழுதிவைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்தது ஆக்சஸ் 2003இல் செய்த எம்டிபி (பழைய ஆக்சஸ் வகை) கோப்பு. திறந்தது. மேலே மஞ்சள் பட்டை வந்தது, உள்ளடக்கத்தை அனுமதித்தேன். (இதைச் செய்யாமல் "பட்டன் வேலை செய்யவில்லை" என்று எழுதிவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு.) படிவத்தில் பட்டனை அழுத்தியதும் கம்பைல் எரர்: ப்ராஜெக்ட் அல்லது லைப்ரரி (தயார் நிரல்களின் தொகுப்பு) கிடைக்கவில்லையாம். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்தால், 'லெஃப்ட்' என்ற சொல் மட்டும் தேர்வாகி நிற்கிறது.

லெஃப்ட்! ஆக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழியான விபிஏ கற்ற முதல் வாரத்திலேயே வரும், இடப்பக்க எழுத்துகளை எடுத்துத் தரும் ஃபங்ஷன். அதில் என்ன பிழை இருக்க முடியும்? பக்கத்து இருக்கைக்காரர் அந்த வரியை அழித்து அழித்துத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். அடைப்புக்குறியை மாற்றினார், மேற்கோளை மாற்றினார். வரியில் குற்றமே இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம். லெஃப்ட், டேட், ட்ரிம், ஃபார்மேட் மாதிரி சாதுவான ஃபங்ஷன்கள் இப்படி அடிவாங்கினால் நிரலைத் தொடவே தொடாதீர்கள். எடிட்டரில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் ரெஃபரன்சஸைத் (கோப்பு பயன்படுத்தும் லைப்ரரிகளின் பட்டியல்) திறங்கள். அங்கே ஏதாவது ஒரு வரி "மிஸ்ஸிங்" என்று தொடங்கும். கோப்பு தேடும் ஒரு லைப்ரரி இந்தக் கணினியில் இல்லை என்று அர்த்தம். ஒன்று காணாமல் போனாலும் விபிஏ தன் சொந்த ஃபங்ஷன்களைக்கூட அடையாளம் காணத் தடுமாறும். வீட்டில் ஒருவர் காணாமல் போனதற்கு வாசலில் நிற்பவரைப் பிடித்து அடிப்பது மாதிரி.

ரெஃபரன்சஸ் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும், பதறாதீர்கள். நிரல் பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். சதுரமான ரீசெட் பட்டனை அழுத்தினால் திறக்கும்.

எங்கள் கோப்பில் காணாமல் போனது கேலண்டர் கன்ட்ரோல், படிவத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்க வைக்கும் நாட்காட்டி. ஆக்சஸ் 2010இலேயே அதை எடுத்துவிட்டார்கள். டிக்கை எடுத்தேன், டீபக் மெனுவில் கம்பைல் கொடுத்தேன், லெஃப்ட் சாதுவாகிவிட்டது. படிவத்தில் இருந்த கேலண்டரை நீக்கி, அதே இடத்தில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து, பழைய கன்ட்ரோலின் பெயரையே அதற்கும் கொடுத்தேன். மதிப்பைப் படிக்கும் வரிகள் அப்படியே ஓடின. அதன் ஃபார்மேட்டைத் தேதியாக வையுங்கள்; தேதி தேர்வுப்பெட்டி தானாக வரும்.

மற்றவை, வந்த வரிசையில்:

- முதலில் கோப்பை நகலெடுங்கள். நகலில்தான் வேலை.
- ஆக்சஸ் 97 கோப்பு கொடுத்தால் 2013உம் அதற்குப் பிந்தையவையும் திறக்காது. 2007 அல்லது 2010இல் மாற்றிக்கொண்டு வர வேண்டும். விடைத்தாளில் அதை எழுதுங்கள், கோப்போடு மல்லுக்கட்டாதீர்கள்.
- 64 பிட் ஆஃபீஸ் என்றால் டிக்ளேர் வரிகளில் (வெளி லைப்ரரியின் ஃபங்ஷனை அறிவிப்பவை) பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஹேண்டில், பாயின்டர் (நினைவக முகவரி மாதிரியானவை) வரும் இடத்தில் மட்டும் லாங் வகைக்குப் பதில் லாங்பிடிஆர். எல்லா லாங்கையும் மாற்றித் தொலைக்காதீர்கள்.
- ஏசிசிடிபியாக (புதிய ஆக்சஸ் கோப்பு வகை) மாற்றிய பிறகு பழைய டிஏஓ 3.6ஐ (நிரலிலிருந்து டேட்டாபேஸை அணுகும் லைப்ரரி) டிக் செய்யப் பார்த்தால் பெயர் மோதுகிறது என்று சண்டைக்கு வரும். புதிய ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் லைப்ரரியே போதும், டிஏஓ அதற்குள் இருக்கிறது.

டிஏஓ என்றதும் இன்னொன்று. ஒரு மாறியை வெறுமனே 'ரெக்கார்ட்செட்' (பதிவுகளின் தொகுப்பு) என்று அறிவித்துவிட்டு, பிறகு அதில் பதிவுகளை ஏற்றும் வரியில் டைப் மிஸ்மேட்ச் வந்தால் அதுவும் ரெஃபரன்சஸ் சமாச்சாரம்தான். ஏடிஓ என்ற இன்னொரு டேட்டாபேஸ் லைப்ரரியிலும் அதே பெயர் உண்டு. பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதையே விபிஏ எடுத்துக்கொள்ளும். அறிவிக்கும் வரியில் 'ரெக்கார்ட்செட்'டுக்கு முன்னால் 'டிஏஓ' என்று போட்டு ஒரு புள்ளி வையுங்கள், தீர்ந்தது. வரிசையை மாற்றினாலும் தீரும்தான், ஆனால் எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு வேறொருவர் திரும்ப மாற்றிவிடுவார்.

நான் எதையும் மெதுவாகச் செய்கிற ஆள். ஒரு திருத்தம், ஒரு கம்பைல், தாளில் ஒரு வரி. வேகமாக முடிப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் வைவாவில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கேட்டார்கள்: "லெஃப்ட்டில் பிழை காட்டியது, நீங்கள் ஏன் கேலண்டரை எடுத்தீர்கள்?" பதில் தயாராக இருந்தது.

அப்புறம், ஏசிசிடிபியைத் திரும்ப எம்டிபியாகச் சேமிக்க முடியுமா என்றும் கேட்டார்கள். முடியும், ஆனால் அட்டாச்மென்ட் புலமோ பல மதிப்புப் புலமோ சேர்த்திருந்தால் முடியாது.