குதிகால் நரம்பு தைத்தபின் வரும் வருடங்கள்

குதிகால் நரம்பு (கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண்; நாம் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம்) அறுந்து ஆபரேஷனுக்குப் போகிற எல்லோரும் கேட்பது, "பழையபடி ஆகுமா?" என்றுதான். எனக்குத் தைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. பைக் ஓட்டுகிறேன், மருந்துவாழ் மலை ஏறி இறங்குகிறேன். ஆனால் அந்தக் கெண்டைக்கால் இன்னும் மெலிந்துதான் இருக்கிறது.

தூத்தூர் பக்கம் பந்து விளையாடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பினால் ஆளில்லை. "சுளுக்குதான் மக்களே, முறிவெண்ணெய் போட்டுத் தடவினா சரியாயிரும்" என்றார்கள். நம்மூர் வைத்திய ஆசான்மாரின் கைப்பக்குவத்தில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் இரண்டாக விட்டுப்போனது தடவினால் சேராது.

நாகர்கோவிலில் டாக்டர் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச் சதையை அமுக்கினார். நல்ல காலில் பாதம் கீழே அசைந்தது. மற்றதில் அசைவே இல்லை. குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் குழி தட்டுப்பட்டது.

தைக்காமல் கட்டுப்போட்டு வைத்தாலும் ஆறும் என்றார் டாக்டர். பிறகு நானும் தேடிப் படித்தேன். 2022-இல் வெளிவந்த நார்வே ஆய்வில் 500-க்கு மேற்பட்டோர். ஒரு வருடம் கழித்து தைத்தவர்கள், தைக்காதவர்கள் என இரு தரப்பின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். மறுபடி அறுந்தது தைக்காதவர்களில் 100-க்கு 6 பேருக்கு, தைத்தவர்களில் 1-க்கும் குறைவு. ஆனால் பாதத்தின் உணர்வு நரம்பு பாதிக்கப்படுவது தைத்தவர்களுக்கே அதிகம். எனக்கும் தழும்புக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் இடம் மரத்தே கிடக்கிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தையலுக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி. பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுவார்கள். பிறகு பூட்ஸுக்குள் குதிகாலடியில் வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அவசரப்பட்டுப் பாதத்தை மேல்நோக்கி இழுத்தால் தசைநாண் நீண்டு ஆறிவிடும். நீண்டதைப் பயிற்சியால் சுருக்க முடியாது. ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கினால் உயரம் வராது. படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிடச் சொல்லும் வீடியோக்களை அந்த மாதங்களில் தயவுசெய்து பார்க்காதீர்கள்.

அடுத்தது, நடை சரியானதும் பிசியோவை நிறுத்துவது. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும் அண்ணன் ஒருவர் அப்படித்தான் நிறுத்தினார். சமதளத்தில் குறையே தெரியவில்லை. தோட்டத்தில் மேட்டில் ஏறும்போது கால் உந்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இரு காலிலும், பிறகு ஒற்றைக்காலிலும் எம்புவதை இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார். வருடம் தாண்டியும் பலம் கூடும். முழுக்க வராமலும் போகலாம். 10 முதல் 30 சதவீதம் வரை குறைவு தங்கிவிடுவது சாதாரணம். எனக்குக் காலையில் முதல் சில அடி விறைப்பு, முட்டம் கடற்கரை மணலில் சீக்கிரம் அசதி. பந்து மட்டும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று: காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோபிளாக்சாசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அது தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும். டாக்டரிடம் காலைக் காட்டி, தைத்த விவரத்தைச் சொல்லியே மருந்து எழுதி வாங்குங்கள்.