பையோடு நழுவிய லென்ஸ்

கோத்தகிரியின் மூடுபனியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு எப்போதும் கலங்கலாகத்தான் தெரியும் என்பதால், வலது கண்ணுக்கு ஒரு விளக்கு இரண்டாகத் தெரியத் தொடங்கியதை நான் சில வாரங்கள் பனியின் கணக்கிலேயே எழுதி வந்தேன். பிறகு ஒரு நாள் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் தராசின் எண்ணைப் பார்க்கக் குனிந்தபோது, பார்வைக்குக் குறுக்கே வில் போன்ற ஒரு கோடு வந்து நின்றது; நிமிர்ந்ததும் அசைந்து விலகியது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் கணக்கராக இருந்தவன் நான். எண் ஆடினால் பொறுக்காது. மறுநாளே மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் பேருந்து ஏறினேன்.

கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், "சார், லென்ஸ் கழண்டு விழலைங்க. அது உட்கார்ந்திருக்கிற பையே தொங்குது," என்றார். நம் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையைச் சுற்றிலும் நுண்ணிய நார்கள் பிடித்து நிறுத்துகின்றன. 2006-இல் எனக்குக் கண்புரை எடுத்தபோது அந்தப் பைக்குள்ளேயே பிளாஸ்டிக் லென்ஸை வைத்திருந்தார்கள். ஆனால் என் கண்ணில் பொடுகு போன்ற ஒரு வெண்படிவு சேரும் தன்மை இருக்கிறது. மருத்துவர்கள் அதைச் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் என்கிறார்கள். அது நார்களை ஆண்டுக்கணக்கில் தளரச் செய்யும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். பதினாறு ஆண்டுகள் நன்றாகத் தாங்கிய அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1983-இல் முகாமில் புரை எடுத்துக்கொண்ட என் தாயாருக்கு லென்ஸைப் பையோடு சேர்த்து எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் உள்நாட்டிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கி விலை இறங்கியதால்தான் என் போன்றவர்களுக்கு முகாமிலேயே லென்ஸ் கிடைத்தது.

இனி பை உதவாது என்றால் புதிய லென்ஸை எதில் நிறுத்துவது என்பதே கேள்வி. மருத்துவர் நான்கு வழிகளைச் சொன்னார். அடுத்த மாதம் எந்த முறையில் நன்றாகத் தெரியும் என்று நான் கேட்டபோது, நான்கிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும் என்று சொல்லிவிட்டார். எனவே வீட்டுக்கு வந்து பழைய பேரேடு ஒன்றில் வேறு தலைப்புகளில் கோடு போட்டேன்: பாரத்தைத் தாங்குவது கண்ணின் எந்தப் பகுதி, அது எத்தனை ஆண்டு தாங்கும், கைவிட்டால் அடுத்து என்ன.

முதல் வழி, கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவுக்குப் பின்னால், பாப்பாவுக்கு முன்னால் லென்ஸை வைப்பது. செய்வது எளிது, ஆனால் வரலாறு நல்லதாக இல்லை. 1949-இல் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பாப்பாவுக்குப் பின்புறம்தான் வைத்தார். அவை அடிக்கடி நழுவியதால் அடுத்து வந்தவர்கள் முன்புறம் வைக்கத் தொடங்கினார்கள். அதில் பலருக்குச் சில ஆண்டுகளில் கருவிழி நீர் கோத்து வெளுத்தது. இன்றைய முன்புற லென்ஸ்கள் எவ்வளவோ மேல் என்றாலும், கருவிழியின் உட்புறச் செல்கள் ஒருமுறை போனால் மீண்டும் வளராது. எனக்கு எண்ணிப் பார்த்ததில் சதுர மில்லிமீட்டருக்கு 1,420 இருந்தன. நல்ல கண்ணில் 2,000-க்கு மேல் இருக்க வேண்டும். 500-ஐ நெருங்கினால் கருவிழியே மங்கிவிடக்கூடும். இந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு அந்தச் செலவுக்கு நான் துணியவில்லை.

இரண்டாவது, ஐரிஸ் என்னும் வண்ணத்திரையை நண்டுக் கொடுக்கு போலக் கவ்விப் பிடிக்கும் லென்ஸ். நெதர்லாந்தின் யான் வொர்ஸ்ட் உருவாக்கியது. இப்போது அதைத் திரையின் பின்புறமாகக் கவ்வ வைக்கிறார்கள் என்பதால் கருவிழிக்குத் தொல்லை குறைவு. அறுவையும் சீக்கிரம் முடிகிறது. வயது மிகுந்தவர்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் பிடி நழுவலாம், பாப்பா நீள்வட்டமாகலாம், திரையின் நிறத்துகள் உதிரலாம். ஏற்கெனவே பொடி உதிரும் என் கண்ணில், அழுத்தம் சற்று ஏறி 22-ஐத் தொட்டிருந்த நிலையில், திரையை உரசும் எதுவும் வேண்டாம் என்று மருத்துவரே தயங்கினார்.

மூன்றாவது, வெண்விழியோடு நூல் போட்டுத் தைப்பது. இதைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குன்னூரில் இருக்கும் என் மச்சானுக்கு முப்பத்தோராம் வயதில் கிரிக்கெட் பந்து பட்டு லென்ஸ் கெட்டது; 10-0 என்னும் அளவுள்ள பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலால் தைத்தார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் ஆண்டில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பார்வை ஒரு பக்கம் சரிந்தது. நூல் அறுந்திருந்தது. தலைமுடியை விட மெல்லிய அந்த நூல் கண்ணுக்குள் மெல்ல மெல்ல நைந்துபோகும் என்பதும், அதை விடத் தடித்த நூல்களுக்குப் பலர் மாறியது அந்த அனுபவத்தால்தான் என்பதும் எனக்குப் பிறகே தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் அவரைச் சோதித்து எழுதியிருந்தால் அவர் பெயர் வெற்றிப் பட்டியலில் இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒப்பீட்டு ஆய்வுகள் மீது எனக்குச் சிறிது ஐயம் வந்தது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2003-இலும் மீண்டும் 2020-இலும் இந்த முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த ஒரு முறையும் மற்றதை விட மேலானது என்று நிறுவப்படவில்லை என்றே எழுதியிருக்கிறது. என் மகள் அதை வாசித்து எனக்குப் பொருள் சொன்னாள். மேலானது எதுவுமில்லை என்பதை எல்லாம் ஒன்றே என்று படித்துவிடக் கூடாது. அடிபட்ட இளைஞனின் கண்ணும் என் போன்ற முதியவனின் கண்ணும் ஒரே கூட்டலில் சேரும்போது, ஒன்பதாம் ஆண்டில் அறுகிற நூல் அந்த விடையில் தெரிவதில்லை.

நான்காவது, நூலே இல்லாமல் லென்ஸின் இரண்டு மெல்லிய கால்களை வெண்விழிக்குள் சொருகி நிறுத்துவது. 2007-இல் சென்னையில் அமர் அகர்வால் உயிரிப் பசை கொண்டு ஒட்டும் முறையைச் செய்தார். பின்னர் ஜப்பானின் ஷின் யமானே, கால்களை மெல்லிய ஊசிகள் வழியே வெளியே இழுத்து, நுனியைச் சூட்டால் உருக்கிக் குமிழாக்கி, அந்தக் குமிழை வெண்விழிக்குள் அமுக்கிவிடும் முறையைக் கொண்டுவந்தார். லென்ஸ் சாயலாம், குமிழ் மேல்தோலை அரித்து வெளியே தெரியலாம். முப்பது ஆண்டுக் கணக்கு இதற்கு இன்னும் இல்லை. "எனக்குக் கை பழகினது இதுதாங்க," என்று மருத்துவர் சொன்னதுதான் என் பேரேட்டில் நான் போடாத தலைப்பு. எனக்கு 66 வயது, நைவதற்கு நூல் இல்லை என்ற இரண்டோடு அதையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன்.

அறுவை ஒன்றரை மணி நேரம் ஆனது. கண் மரத்திருந்தாலும் காது கேட்டது: "இந்தக் கால் வந்திருச்சு, காட்டரி குடுங்க." காட்டரி என்பது கால் நுனியை உருக்கும் சூட்டுக் கருவி. பழைய லென்ஸைப் பையோடு எடுக்கும்போது விழித்திரையின் ஓரத்தில் சிறு கிழிசல் ஒன்றைக் கண்டு, லேசர் வைத்துக் கண்ணுக்குள் வாயுவையும் நிரப்பினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் விமானப் பயணம் கூடாது என்று அச்சிட்டிருந்தது. மலைப் பேருந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோத்தகிரி சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறதே என்று நானாகக் கேட்டபோதுதான் செவிலியர் உள்ளே ஓடினார். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் வாயு விரியும், பார்வையே போகக்கூடும். மலையிலிருந்து வருகிறவர்களிடம் ஊர் எது என்று கேட்காமல் அந்தச் சீட்டைக் கொடுப்பது சரியல்ல என்று எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் சிங்காநல்லூரில் தங்கை வீட்டில் தங்கினேன். பார்வைக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் அடியில் ஒரு குமிழாக உருண்டு, ஒரு காலையில் காணாமல் போனது. அன்று சோதித்து உறுதி செய்த பிறகே மலை ஏறினேன்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடி போட்டால் தராசின் எண் தெளிவாகத் தெரிகிறது. வேகமாகத் தலை திருப்பினால் லேசான நடுக்கம் உண்டு. அழுத்தத்துக்கு இரவுதோறும் ஒரு சொட்டு. செல் எண்ணிக்கை 1,310. ஆண்டுக்கு ஒருமுறை இவற்றை அதே பேரேட்டில் எழுதி வருகிறேன்.

இடது கண்ணிலும் இப்போது புரை முற்றுகிறது, அதே பொடியும் இருக்கிறது. இந்த முறை பைக்குள் லென்ஸோடு ஒரு வளையத்தையும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நார்கள் தளர்வதை வளையம் தடுக்காது. ஆனால் பை நழுவினால், எல்லாவற்றையும் வெளியே எடுக்காமல் அந்த வளையத்தைப் பிடித்தே வெண்விழியோடு தைத்து நிறுத்த வழியிருக்குமாம். எந்த நூலால் தைப்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.