கடைசிக் கம்பத்தில் எத்தனை வோல்ட்?

மத்தியானம் "சோலார் தானா நின்னு போகுது, அண்ணே" என்பார்கள். இரவில் அதே வரிசையிலிருந்து "ஏர்கோன் குளிரவே மாட்டேங்குது" என்று இன்னொரு புகார் வரும். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மின்கம்பி வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டும் பழகிய புகார்கள்தான். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்று 2023-இல் அரசாங்கம் இலக்கு வைத்தது. அந்தப் பெரிய கணக்கு கோலாலம்பூரில் சரியாக வந்தாலும், இங்கே பெஞ்சாவாங்கிலிருந்து (துணை மின்நிலையம்) கடைசி வீடு வரைக்குமான கம்பியில் சிக்கிக்கொள்கிறது.

11,000 வோல்ட்டை இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கம், மூன்று ஃபேஸ் கம்பிகளில் இரண்டுக்கு இடையே, 433 வோல்ட். வெளிவரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் படிதான் டேப்; நடு டேப்பில், சுமை இல்லாத நேரத்தில், ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்டு திரும்பும் கம்பி) இடையே 250 வரும். வீட்டுக்கு அனுமதி 216 முதல் 253 வரை. எல்லாரும் வேலைக்குப் போய் வீடுகள் பூட்டிக் கிடக்கும் பகலில், மேலே மிச்சமிருப்பது 3 வோல்ட்.

இப்போது 400 மீட்டர் தள்ளி ஒரு வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார். கம்பி 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், நியூட்ரல் 70. போய்த் திரும்பும் தடை சுமார் 0.3 ஓம், 22 ஆம்பியர் எதிர்த்திசையில் ஓடினால் வோல்ட் ஆறரை ஏறும். ஒரே ஃபேஸில் மூன்று வீடு என்றால் 20. இன்வெர்ட்டர் 253-ஐத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. அது பழுதல்ல, அதன் வேலையே அதுதான்.

உடனே டேப்பை ஒரு படி இறக்கச் சொல்வார்கள். ஒரு படி இரண்டரை விழுக்காடு, அதாவது 6 வோல்ட். மின்சாரத்தை நிறுத்தித்தான் மாற்ற முடியும்; பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வைக்க வழியில்லை. இரவில் 220-இல் தள்ளாடும் கடைசி வீடு 214-க்குப் போய்விடும்.

ஆகவே முதலில் அளக்கவேண்டும். பெஞ்சாவாங்கிலும் கடைசிக் கம்பத்திலும் ஒரு வாரம் லாகர் (அளவைத் தானாகப் பதியும் கருவி) வைத்து, மூன்று ஃபேஸும் நியூட்ரலும் 10 நிமிடச் சராசரியில் எடுத்தால் பெரும்பாலும் குற்றவாளி தெரிந்துவிடும். தோட்ட லயத்திலிருந்து தாமான் எனும் குடியிருப்புக்கு மாறிய காலத்தில், கைக்கு எட்டிய ஃபேஸிலேயே வீடுகளைக் கோத்து வைத்திருப்பார்கள். அந்த மூன்று சோலார் வீடுகளையும் மூன்று ஃபேஸுக்குப் பிரித்துப் பாருங்கள்: நியூட்ரலில் திரும்பும் கரண்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், 20 வோல்ட் ஏற்றம் 3-க்கும் கீழே வரும். புதுக் கம்பி வேண்டாம், கம்பத்து உச்சியில் இணைப்பை மாற்றினால் போதும். இவ்வளவு மலிவான வேலையை விட்டுவிட்டுப் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு எழுதிப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு வீட்டில் விளக்கு கூசும்படி எரிந்து, அடுத்த வீட்டில் அதே நேரம் மங்கினால் கதை வேறு. நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது செம்பும் அலுமினியமும் சேரும் இடம் அரித்திருக்கும். டேப்பைத் தொடாமல் அதைத் தேடுங்கள். தாமதித்தால் டிவியெல்லாம் புகைந்துவிடும்.

இரவுக் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருப்பது மின்சாரக் கார். 7 கிலோவாட் சார்ஜர் 30 ஆம்பியர் இழுக்கும். அதே தூரத்தில் 9 வோல்ட் விழும். 2025 ஜூலை கட்டண முறையில் நேரவாரிக் கணக்கைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, வாரநாளில் இரவு 10 மணிக்குமேல் விலை குறைவு. ஆனால் படுக்கையறை ஏர்கோன்கள் ஓடுவதும் அப்போதுதான். சார்ஜர் டைமரை நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு வைத்தால் பில்லும் கூடாது, கம்பியும் தாங்கும்.

மாலை நேரத்துக்குக் கைகொடுக்கக்கூடியது பக்கத்துச் செம்பனை ஆலை. ஒரு டன் குலைக்கு ஏறக்குறைய 0.65 கன மீட்டர் கழிவுநீர். ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு, எரித்து மின்சாரம் எடுக்கக்கூடிய வாயு சுமார் 28 கன மீட்டர். மூடிய குளத்தில் அதைச் சில மணி நேரம் தேக்கலாம். ஆலை விற்கும் மின்சாரத்துக்கு 2011 புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் கீழ் வந்த ஃபீட்-இன் கட்டணமோ எந்த நேரத்து யூனிட்டுக்கும் ஒரே விலை தருகிறது. ஆலைக்காரர் ஏன் மாலைவரை காத்திருக்கப்போகிறார்? அப்படியே காத்திருந்தாலும் அது 11,000 வோல்ட் கம்பியின் பாரத்தைத்தான் குறைக்கும். தாமான் கடைசி வீட்டுக்கு, கம்பத்தில் ஏறி ஃபேஸ் மாற்றும் ஆள் தேவைதான்.