பொறுப்பேற்கும் முன்

மார்ச் 9

அடுத்த தலைமை ஆசிரியையாக வரப்போகும் என்னிடம், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "இந்தப் பள்ளியை எங்கே கொண்டு போகணும்னு நினைக்கிறீங்களோ, அதை மட்டும் எழுதிக் கொடுங்க டீச்சர்." மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள், வீடு முழுவதும் தூங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். மனதில் இருப்பதெல்லாம் ஆட்களாகவும் முகங்களாகவும் இருக்கிறது. வாக்கியமாக வர மறுக்கிறது.

மார்ச் 10

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். "தரமான கல்வி." "ஒவ்வொரு குழந்தையின் முழுமையான வளர்ச்சி." "ஒழுக்கமும் தன்னம்பிக்கையும் மிக்க மாணவர்கள்." மேலே எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இதை மறுத்துப் பேச யாரால் முடியும்? யாராலும் மறுக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. நூலகத்துக்கு ஆள் போடுவதா, அந்தப் பணத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்குவதா என்று கேள்வி வரும் நாளில் "முழுமையான வளர்ச்சி" என்ன பதில் சொல்லும்? இரண்டு பக்கமும் தலையாட்டும்.

எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

மார்ச் 11

நியமன ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை.

மார்ச் 13

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1897-இல் தன் கல்வி நம்பிக்கைகளை எழுதி வெளியிட்டார். பத்திக்குப் பத்தி "நான் நம்புகிறேன்" என்றே தொடங்குகிறார். அப்போது அவருக்கு 37 வயது. முந்தைய ஆண்டுதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதாவது, எதிரே பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு எழுதியது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கல்வி என்பது பின்னால் வாழப்போகும் வாழ்க்கைக்குத் தயாரிப்பு இல்லை, அதுவே வாழ்க்கை என்கிறார். நாங்கள் பிரேயரில் தினமும் இதற்கு நேர்மாறாகத்தான் பேசுகிறோம். நாளைக்கு நீங்கள் பெரியவர்களாகும்போது, நாளைக்கு நீங்கள் கல்லூரிக்குப் போகும்போது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலேயே ஒரு வருடம் இருக்கிறது. அதை யார் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்?

அந்தப் பள்ளியின் கதையும் முக்கியம். மனைவி ஆலிஸ் அங்கே முதல்வராக இருந்தார். பள்ளியை யார் நடத்துவது என்பதில் பல்கலைக்கழகத் தலைமையோடு கசப்பு ஏற்பட்டு, 1904-இல் இருவரும் விலகிவிட்டார்கள். அவ்வளவு தெளிவாக நம்பியவர்களுக்கே அந்தக் கதி. நம்பிக்கை மட்டும் போதாது, கூட நிற்க ஆள் வேண்டும்.

நானும் அப்படியே தொடங்கிப் பார்த்தேன்.

நான் நம்புகிறேன்: பாடம் புரியாத பிள்ளை "புரியவில்லை" என்று பயமில்லாமல் சொல்லும் இடம்தான் பள்ளி.
நான் நம்புகிறேன்: ஆசிரியர் கற்பதை நிறுத்திவிட்ட பள்ளியில் பிள்ளைகளும் நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது வரவில்லை. இந்த இரண்டுக்காகவும் சண்டை போட முடியும் என்று தோன்றுகிறது. அது போதும் இன்றைக்கு.

மார்ச் 14

டி.சி. வாங்கிப்போன அந்தப் பெண்ணின் நினைவாகவே இருக்கிறது.

மார்ச் 15

கணக்கு சார் போன் செய்தார். வாழ்த்து சொல்லத்தான். வைக்கும் முன்னால், "நீங்க எதை வேணா மாத்துங்க டீச்சர். ஆனா வகுப்புக்குள்ள வந்து பின்னாடி உட்கார்ற வேலை மட்டும் வேண்டாம். நம்மளை நம்புங்க" என்றார். என்னைவிட நான்கு வருடம் மூத்தவர். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்ப்போம் சார் என்றேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

மார்ச் 17

எச்.எம். சார் அறையில் இன்று காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். பழகிக்கொள்ளட்டும் என்று அவரேதான் கூப்பிட்டார். லீவு போட்ட ஆசிரியர்களுக்கு மாற்று ஆள் போட்டார். கையெழுத்து. தண்ணீர் மோட்டார். ஒரு அப்பா கோபமாக வந்தார், அரை மணி நேரம் பேசிச் சமாதானமாகிப் போனார். மறுபடி கையெழுத்து. இரண்டு புள்ளிவிவரங்களை உடனே அனுப்பச் சொல்லி போன். அதில் ஒன்று போன வாரமே அனுப்பியது. அதற்குள் மதிய மணி அடித்துவிட்டது. ஒரு வகுப்புப் பக்கமும் அவரால் போக முடியவில்லை. சோம்பேறி மனிதர் இல்லை அவர். பள்ளிக்கு முதலில் வந்து கடைசியாகப் போகிறவர்.

இதைப் பார்த்த பிறகு அந்த ஒரு பக்கத்தின் மேல் பயம் வந்துவிட்டது. அதில் நான் என்ன எழுதினாலும், என் பள்ளி எப்படி இருக்கும் என்பதை இந்த மேசைதான் முடிவு செய்யும். என் நேரம் எங்கே போகிறதோ, அங்கேதான் பள்ளியும் போகும்.

விவியன் ராபின்சன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியரும் அவருடன் இருவரும் 2008-இல் செய்த ஆய்வை எடுத்துவைத்திருந்தேன். தலைமை செய்யும் வேலைகளில் எது பிள்ளைகளின் படிப்பை அதிகம் தொடுகிறது என்று முந்தைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். விளைவை ஒரு எண்ணாகச் சொல்கிறார்கள், எண் பெரிதானால் பலன் அதிகம். ஒழுங்கான, பாதுகாப்பான சூழலை அமைப்பதற்கு 0.27. இலக்கு வைப்பதற்கு 0.42. ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வழி செய்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பதற்கு 0.84. மற்ற எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை.

பயிற்சிக்கு ஆள் அனுப்புவது இதில் சேராது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எச்.எம்.மும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். எட்டாம் வகுப்பில் பின்னம் ஏன் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று கணக்கு சாரோடு சேர்ந்து நானும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அவரோ வராதே என்கிறார்.

மார்ச் 18

"ரிசல்ட் என்ன ஆகும்?" இன்றைக்குக் கேட்டது ஒருவர் இல்லை, இருவர். படித்தவர்கள், பொறுப்பில் இருப்பவர்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கண் எங்கேயோ போய்விடுகிறது, சதவீதம் என்றதும் திரும்பி வருகிறது. கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தாளைத் தவிர வேறு சிபாரிசு கிடையாது. என் சண்டை வேறு. ரிசல்ட்டுக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை நடத்துவது, சரியாகப் படிக்காத பிள்ளையைப் பள்ளி மாறிப் போக வைப்பது, கடைசி மூன்று மாதம் விளையாட்டு பீரியடைப் பிடுங்கிக்கொள்வது, இவை என் பொறுப்பில் நடக்காது. கொடுக்கப்போகும் அந்த ஒரு பக்கத்தில் இதை இப்படியே எழுதுவேன்.

மார்ச் 20

அவளைப் பற்றி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் விடமாட்டாள்.

ஆபீஸ் அறையில் வேறு ஏதோ வேலையாக நின்றிருந்தேன். ஒரு அப்பா மகளுக்கு டி.சி. வாங்க வந்திருந்தார். அவருக்கு மாற்றலாகியிருந்தது. நான் பாடம் எடுக்காத பிரிவு. ஐந்து வருடம் இங்கே படித்தவள், நீல நிற முழுக்கைச் சட்டையில் அப்பா, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள். கையெழுத்துப் போட்ட பிறகு அவர் கேட்டார், "புதுப் பள்ளியில டீச்சர்கிட்ட இவளைப் பத்தி என்னன்னு சொல்லட்டும்?" வகுப்பு ஆசிரியை நல்லவர், கடமை தவறாதவர். மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து, "எல்லாப் பாடத்துலயும் பாஸ்தான் சார்" என்றார். அவர் காத்திருந்தார். பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். ஐந்து வருடத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த யாருக்கும் அவளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை. குறும்பு செய்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் ரேங்க் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். அவள் இரண்டும் செய்யவில்லை.

டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் "நன்று" என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் அதைத்தான் எழுதுகிறோம்.

அவளுக்கு என்ன பிடிக்கும்? எதற்குப் பயப்படுவாள்? ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாளா?

மார்ச் 21

எழுதிய பிறகும் விடவில்லை.

மார்ச் 23

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார்.

அறிவியல் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். "வாங்க, என் கிளாஸ்லயே பார்க்கலாம்" என்றார், தயங்கவே இல்லை. ஏழாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை. "இலை ஏன் பச்சையா இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். முன் வரிசையில் மூன்று கைகள் உடனே. அவர் யாரையும் கூப்பிடாமல் நின்றார். வகுப்பில் இருப்பவருக்கு அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மிஸ்ஸின் விரல்கள் சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தன. ஜன்னலோரம் இருந்த பையன் கை பாதி தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினான். "மிஸ், பச்சை இல்லாத இலையும் இருக்கே, அது எப்படிச் சாப்பாடு செய்யும்?"

பாடம் வேறு பக்கம் போய்விட்டது. அருமையான பக்கம். மிஸ் வெளியே வந்ததும், "அவன் இந்த வருஷம் முதல் தடவையா பேசுறான் டீச்சர்" என்றார். அவன் பெயரை இரண்டு முறை சொன்னார்.

மூன்று விநாடிக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், பணமும் வேண்டாம். மாலை முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் 25

யானுஷ் கோர்சாக், போலந்து நாட்டு மருத்துவர், எழுத்தாளர். வார்சாவில் 1912 முதல் அவர் நடத்திய அனாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டம் மன்னிப்பில்தான் தொடங்குகிறது. பெரியவர்கள் மீதும் பிள்ளைகள் வழக்குப் போடலாம். அவர் மீதே போட்டிருக்கிறார்கள், அவரும் போய் நின்றிருக்கிறார்.

என் மேல் புகார் சொல்ல என் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வழி இருக்குமா? புகார்ப் பெட்டி வைத்துவிட்டால் ஆயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பெட்டியின் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 26

தலைவலி. ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறதாம்.

மார்ச் 27

பக்கத்தை முடித்துவிட்டேன். இரவு ஒன்றரை.

முதல் வரி: "இந்தப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், மதிப்பெண்ணைச் சொல்லாமல், உண்மையான ஒரு வாக்கியம் சொல்ல ஒரு பெரியவராவது இருப்பார்." மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. தினமும் இரண்டாம் பீரியட் நான் வகுப்பறைகளில் இருப்பேன், அந்த நேரம் கையெழுத்து கிடையாது. வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடத்தையோ ஒரு பிள்ளையையோ பற்றிப் பேசுவோம், சர்க்குலர் வாசிக்க மாட்டோம். விளையாட்டு பீரியடை யாரும் எடுக்க முடியாது. ரிசல்ட்டைப் பற்றி எழுதியதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பெரிய கனவு மாதிரி இல்லையே என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

மார்ச் 28

ஸ்டாஃப் ரூமில் எட்டாம் வகுப்பின் பெயர்ப் பட்டியலை மேசையில் விரித்துவைத்தேன். பெயருக்கு எதிரே ஒரு வாக்கியம், தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் பத்து நிமிடம் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. "இவன் புறா வளர்க்கிறான்." "இவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சமையல் இவதான்." அப்புறம் பேச்சு குறைந்தது. பாதிக்கு மேல் வெற்றாகவே இருந்தது. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, அத்தனை பேரும் ஒரு நாளைக்கு ஆறு பீரியட் எடுக்கிறவர்கள்.

கணக்கு சார் எதுவும் எழுதாமல் எழுந்து போனார். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

மார்ச் 30

பக்கத்தைக் கொடுத்தாயிற்று. அவர்கள் எதிரிலேயே படிக்கவில்லை, கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

மதியம் பார்த்தால் பட்டியலில் இன்னும் நான்கு பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. கணக்கு சாரின் கையெழுத்து. ஒரு பையனுக்கு எதிரே: "பின்னம் வராது. ஆனால் நேரத்தைச் சரியாகப் பங்குபோடுவான், கிரிக்கெட்டில் ஓவர் கணக்கு இவன்தான்." மணி அடித்ததும் வராண்டாவில் பிடித்துக் கேட்டேன், இதைப் பின்னத்துக்குப் பயன்படுத்த முடியுமா சார் என்று. யோசிக்கணும் என்றார். பிறகு, நாளைக்கு மூன்றாம் பீரியட் வாங்க, ஆனா பின்னாடி உட்காராதீங்க, ஏதாவது ஒரு பெஞ்சில பசங்களோட உட்காருங்க என்றார்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வீட்டில் இல்லை. காலையில் சீக்கிரம் போய் நூலகத்தில் எடுக்க வேண்டும்.