வேதிப்பிணைப்பு: தண்ணீரில் நான் விட்ட மதிப்பெண்

நீட் முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. வேதியியலில் 180-க்கு 138. போன வருடம் 61. தமிழ்வழியில் இரண்டாம் முறை எழுதப்போகிற சிலர், வேதிப்பிணைப்பை (அணுக்களும் மூலக்கூறுகளும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்ற பாடம்) எப்படிப் படித்தாய் என்று கேட்டார்கள். என் பதில் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும்: முதலில் தண்ணீரை மட்டும் படியுங்கள்.

முதல் வருடம் நான் மனப்பாடக் கட்சி. பயிற்சி மையத்தில் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தார்கள். எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) கூடினால் ஹைட்ரஜன் பிணைப்பு (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பக்கத்து மூலக்கூறு இழுத்துப் பிடிப்பது) வலுக்கும், அது வலுத்தால் கொதிநிலை ஏறும். சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டி வைத்திருந்தேன். மாதிரித் தேர்வில் நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் புளூரைடு மூன்றையும் கொடுத்து எதன் கொதிநிலை அதிகம் என்று கேட்டார்கள். கவர்தன்மையில் புளூரின்தானே முதல்? யோசிக்காமல் குறித்தேன். தவறான விடை, வர வேண்டிய நாலு மதிப்பெண்ணும் போய், இருந்ததில் ஒன்றும் போனது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று சின்ன வகுப்பிலிருந்தே தெரியும். ஹைட்ரஜன் புளூரைடோ 20 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதாவது நம் ஊர் மார்கழி மதியத்திலேயே. தெரிந்ததைக்கூட அந்தச் சிவப்புக் கட்டம் மறைத்துவிட்டது. இதே தவறை மூன்று தேர்வில் செய்தேன் என்றால் பாருங்கள்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் முழுக்க அந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்தேன். குறுக்குவழி பாதி சரிதான். ஒற்றைப் பிணைப்பாகப் பார்த்தால் புளூரைடின் ஹைட்ரஜன் பிணைப்பே வலுவானது. ஆனால் எத்தனை பிணைப்பு என்று எண்ண வேண்டும். நீர் மூலக்கூறில் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன், வாங்க ஆக்சிஜன் மேல் தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் (பிணைப்பில் சேராமல் நிற்கும் ஜோடிகள்) இரண்டு. ஆக, ஒரு மூலக்கூறு நான்கு பேரோடு கைகோக்கலாம். புளூரைடில் இரட்டைகள் மூன்று, ஹைட்ரஜன் ஒன்றே ஒன்று. அம்மோனியாவில் ஹைட்ரஜன் மூன்று, இரட்டை ஒன்றுதான். ஒன்றில் கொடுக்க ஆள் போதாது, மற்றதில் வாங்க ஆள் போதாது. இரண்டும் சரிக்குச் சரி அமைந்தது தண்ணீரில்தான்.

இதைப் பிடித்ததும் மற்றவை தானாக வந்தன. அதே இரண்டு தனித்த இரட்டைகள் நெருக்குவதால்தான் தண்ணீரின் பிணைப்புக் கோணம் (இரண்டு பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கோணம்) 104.5 டிகிரி. அம்மோனியாவில் நெருக்க ஒன்றுதான், 107. மீத்தேனில் ஒன்றும் இல்லை, 109.5. பனிக்கட்டியில் நான்கு கைகளும் நான்முகியாக (நான்கு மூலைகளை நோக்கி) விறைத்து நிற்பதால் உள்ளே காலியிடம் கூடுகிறது, அதனால் மிதக்கிறது. ஃப்ரீசரில் அம்மா தண்ணீரோடு மறந்து வைத்த கண்ணாடி பாட்டில் வெடித்தபோது திட்டுக்கு நடுவே நான் சிரித்தேன், அதற்குத் தனியாக வாங்கினேன்.

இனி சிலவற்றைச் சுருக்கமாக:

- தண்ணீர் கொதிக்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிணைப்புதான் அறுபடுகிறது, உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்திருக்கும் சகப்பிணைப்பு அல்ல. முன்னது மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல், பின்னது 460 கிலோஜூல் அளவு. இரண்டையும் குழப்பினால் பாடமே போச்சு.
- ஆக்சிஜன் குடும்பத்து மற்ற தனிமங்கள் ஹைட்ரஜனோடு சேர்ந்தவற்றின் கொதிநிலை: ஹைட்ரஜன் சல்பைடு -60 டிகிரி, செலினைடு -41, டெல்லுரைடு -2. இந்த வரிசைப்படி தண்ணீர் இன்னும் கீழே இருக்க வேண்டும். வரைபடத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்.
- சல்பைடின் கோணம் 92. தண்ணீருக்குப் பாடத்தில் சொல்லும் இனக்கலப்புக் கதையை (அணுவின் ஆர்பிட்டால்கள் கலந்து புது வடிவம் எடுப்பது) அங்கே கொண்டுபோகாதீர்கள்.
- 'மூலக்கூறினுள்', 'மூலக்கூறுகளுக்கிடையே': அவசரத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆர்த்தோ, பாரா நைட்ரோபீனால் இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, அவை அமைந்த இடம்தான் வேறு. ஹைட்ரஜன் பிணைப்பில் ஆர்த்தோ முதல் வகை, பாரா இரண்டாம் வகை, அதனால் பாராவுக்கே கொதிநிலை அதிகம். தமிழ்வழிக்காரர்கள் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலக் கேள்வியையும் பாருங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி.

பட்டியலை அப்படியே உருப்போட்டு 160 வாங்கிய தோழியும் எனக்கு உண்டு. அவளுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. எனக்கு ஒன்று ஏன் என்று புரியாவிட்டால் மறுநாள் காலை மறந்துவிடும், அதனால்தான் இவ்வளவு சுற்று.

உயிரியல் பற்றிக் கவுன்சலிங் முடிந்ததும் எழுதுகிறேன். இயற்பியல் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.