ஒற்றைக் கோட்டை நம்பிய நாள்

ஃப்ளூ பரவல் உச்சத்தில் இருந்தபோது எனக்குப் புறநோயாளிகள் பிரிவில் டியூட்டி. மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல் என்று பொது சுகாதாரத் துறையின் சுற்றறிக்கை ஒன்று வந்தது, பக்கம் பக்கமாக. மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மேசை டிராயரில் போட்டேன். ஃப்ளூ பார்க்கத் தெரியாதா நமக்கு என்ற நினைப்புதான், வேறென்ன.

மூன்றாம் நாள் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். முந்தின நாள் சாயங்காலம் திடீரென்று ஆரம்பித்த காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, வறட்டு இருமல். மூக்கில் குச்சி விட்டு ரேப்பிட் டெஸ்ட் எடுத்தோம். கால் மணி நேரத்தில் கிட்டில் ஒற்றைக் கோடு, நெகட்டிவ். பாராசிட்டமால் எழுதிக்கொடுத்தேன். கதவருகே போனவர் திரும்பி, "அப்ப ஃப்ளூ இல்லைதானே டாக்டர்?" என்றார். "இல்லைம்மா" என்றேன்.

இரண்டே நாளில் மூச்சு வாங்க வாங்க வந்தார், ஆக்சிஜன் 91. உடனே அட்மிட் செய்து, கிட்டைவிடத் துல்லியமான லேப் பரிசோதனையான பிசிஆருக்கு மாதிரி அனுப்பிவிட்டு, ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஒசெல்டமிவிர் 75 மில்லிகிராம் காலையும் இரவும் தொடங்கினோம். பிசிஆர் பாசிட்டிவ். நல்லவேளையாகத் தேறி வீட்டுக்குப் போனார், ஆனால் அந்த மாத்திரையை முதல் நாளே எழுதியிருக்க வேண்டியவன் நான்.

அன்று இரவு டிராயரைத் திறந்து முழுசாகப் படித்தேன். எல்லாமே அதில் இருந்தது. ரேப்பிட் ஆன்டிஜென் கிட் ஃப்ளூ உள்ள பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேரைத் தவறவிட்டுவிடும், அதனால் பரவல் நேரத்தில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்கள், சின்னக் குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருப்பவர்கள் வந்தால் சந்தேகம் ஒன்றே போதும், மருந்தைத் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம், ஆனால் நிலைமை மோசமாக இருந்தால் அதைத் தாண்டியும் கொடுக்கத்தான் வேண்டும்.

மறுநாளிலிருந்து வரிசையை மாற்றினோம். வாசலிலேயே இருமுகிறவர்களுக்கு மாஸ்க், தனி பெஞ்ச். உள்ளே வந்ததும் கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் ரெண்டு கேள்வி: என்றைக்கு ஆரம்பித்தது, வேறு என்ன நோய் இருக்கிறது. மருந்து கொடுப்பதா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து டோஸைக் குறைக்க வேண்டும், அவசரத்தில் ரெண்டு முறை மறக்கப் பார்த்தேன்.

உண்மையில் பெரிய பாடு, மருந்து தேவைப்படாதவர்களிடம்தான். நல்ல ஆரோக்கியமான இளைஞர், நான்காவது நாள், காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் அந்த மாத்திரையும் வேண்டும், கூடவே ஆன்டிபயாடிக்கும் வேண்டும் என்பார். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுக்குங்க என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேனோ. அவர்களுக்கு நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ மூச்சு முட்டினாலோ அந்த நிமிஷமே திரும்பி வாருங்கள், நிமோனியா அப்படித்தான் எட்டிப் பார்க்கும்.

பத்தாவது நாள் எனக்கே காய்ச்சல். ஒரு நாள் படுத்துவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பி வந்துவிட்டேன். வாசலில் சிஸ்டர் தெர்மாமீட்டரோடு நின்றார். "காய்ச்சல் இல்லை, பாருங்க" என்றேன். "மாத்திரை போட்டீங்களா?" என்றார். போட்டேன் என்றதும், "மாத்திரை இல்லாம 24 மணி நேரம் காய்ச்சல் வராம இருக்கணும், நீங்க ஒட்டின பேப்பர்லயே இருக்கு டாக்டர்" என்று சுவரைக் காட்டினார். திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.